பரிசாக ஒரு குயில்ட்: வாசகர் கேள்வி பதில்

நண்பர்களுக்கும் கூட வேலை செய்பவர்களுக்கும் கையால் ஒரு குயில்ட் தைத்துக் கொடுப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. குயில்ட் என்பது துணித் துண்டுகளை இணைத்த மேல் துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என்று மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கிற போர்வை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, தலையணை உறை, பை மாதிரி சின்னச் சின்ன வேலைகள் மெஷினில் தைப்பேன். நெருங்கிய தோழிகள் நான்கு பேருக்கு இந்த வருஷம் முடிவதற்குள் ஆளுக்கொரு குயில்ட் கொடுக்க ஆசை, கட்டில் முழுக்க மூடுகிற அளவில். எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒருத்தியிலிருந்து ஆரம்பியுங்கள். நான்கு பேருக்கு, அதுவும் கட்டில் அளவில் என்றால் இரண்டாவது போர்வையிலேயே கை சலித்துவிடும். சலிப்போடு தைத்தால் அது தையலில் தெரியும்.

கட்டில் அளவும் வேண்டாம். அவள் கட்டில் என்ன அளவு, மெத்தை எவ்வளவு உயரம், அறை என்ன நிறம் என்று எல்லாம் தெரிந்தால்தான் அது சரியாக அமையும். தவிர, மூன்று அடுக்குத் துணி அவ்வளவையும் சுருட்டிச் சாதாரண வீட்டு மெஷினின் கழுத்துக்குள் நுழைத்துத் தைப்பது புதிதாகப் பழகுகிறவருக்குப் பெரிய போராட்டம். நாற்காலியில் உட்கார்ந்து காலில் போட்டுக்கொள்கிற அளவு, 48-க்கு 60 அங்குலம், எந்த வீட்டுக்கும் பொருந்தும், எடுத்துக்கொண்டு போகவும் வசதி.

கணக்கு இப்படி வரும். ஆறரை அங்குலச் சதுரங்களாக வெட்டினால், நான்கு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் போய் ஆறு அங்குலம் நிற்கும். அகலத்துக்கு 8, நீளத்துக்கு 10, ஆக 80 சதுரம். பருத்தித் துணியின் பயன்படும் அகலத்தை 42 அங்குலம் என்று வைத்தால் ஒரு கால் மீட்டர் துண்டில் 6 சதுரம் கிடைக்கும். அப்படி 14 துண்டுகள் எடுத்தால் போதும், நான்கு சதுரம் மீதியும் இருக்கும். அடித்துணிக்கு 3 மீட்டர் வாங்கி இரண்டாக வெட்டிப் பக்கவாட்டில் இணைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் மூன்று அங்குலமாவது மேல் துணியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். சுற்றிலும் ஓரத்தை மூடித் தைக்கிற ஓரப்பட்டிக்கு இரண்டரை அங்குல அகலத்தில் 6 பட்டைகள், அரை மீட்டர் தாராளம்.

தைப்பதற்கு முன் 80 சதுரங்களையும் தரையில் பரப்பி வைத்துப் பாருங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்து அதைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறமாகப் பார்க்கும்போது தெரியாதது அதில் தெரியும், அடர்த்தியான துணிகள் எல்லாம் ஒரே மூலையில் போய்ச் சேர்ந்திருக்கும், அல்லது வெளிர் துணி ஒன்று மட்டும் பளிச்சென்று தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். மாற்றி வைத்து மறுபடி எடுங்கள். இதற்கு ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போனாலும் பரவாயில்லை.

நிறத்தை உங்கள் ஆசைக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவள் என்ன உடுத்துகிறாள், எந்த நிறக் குடை, எந்த நிறப் பை வைத்திருக்கிறாள் என்று ஒரு வாரம் கவனித்தாலே தெரிந்துவிடும்.

கேள்வி: என்னிடம் மெஷின் இல்லை. முழுக்கக் கையாலேயே முடியுமா? மெஷினில் தைத்தால் அதைக் கைவேலை என்று சொல்லிக் கொடுக்கலாமா என்றும் ஒரு தோழி கேட்கிறாள்.

மெஷினில் தைத்ததும் உங்கள் கைவேலைதான். துணியைத் தேர்ந்து, வெட்டி, அடுக்கி, வளைத்துத் திருப்பியது எல்லாம் நீங்கள். அந்தத் தோழியோடு வாதாட வேண்டாம்.

கையால் முடியும், நன்றாகவே முடியும், ஆனால் மாதக் கணக்கில் ஆகும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். மேல் துணி, நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சு விரிப்பு, அடித்துணி, மூன்றையும் சுருக்கம் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, பெரிய பெரிய தற்காலிகத் தையலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஊசி குட்டையாக, மெல்லியதாக இருக்க வேண்டும், குயில்ட் ஊசி என்றே 8, 9, 10 எண்களில் கிடைக்கும், எண் ஏற ஏற ஊசி சிறிதாகும். நூல் ஒன்றரை முழ நீளத்துக்கு மேல் வேண்டாம், சிக்கும்.

நூல் நுனியில் ஒரு சின்ன முடிச்சு. தொடங்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு அங்குலம் தள்ளி மேல் துணியில் மட்டும் ஊசியை நுழைத்து, பஞ்சுக்குள்ளேயே ஓட்டி, தொடங்கும் புள்ளியில் வெளியே எடுங்கள். இப்போது நூலை மெல்லச் சுண்டினால் ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும், முடிச்சு துணியைத் தாண்டி உள்ளே போய்ப் பஞ்சில் மாட்டிக்கொள்ளும். முன்னால் பார்த்தாலும் பின்னால் பார்த்தாலும் முடிச்சே தெரியாது. அப்புறம் ஒரு கை துணிக்கு அடியில் இருக்கட்டும். மேல் கையின் நடுவிரலில் விரலுறை மாட்டி, ஊசியின் பின்முனையை அதால் தாங்கி, ஊசியை நிமிர்த்திக் குத்துங்கள். அடியில் இருக்கும் விரலில் முனை லேசாக உறுத்தியதும் சாய்த்து மேலே கொண்டுவாருங்கள், மறுபடி நிமிர்த்துங்கள். மூன்று நான்கு தையல் ஊசியில் ஏறிய பிறகு ஒரே இழுப்பாக இழுத்துவிடலாம். தேர்ந்தவர்கள் ஓர் அங்குலத்துக்கு 8, 10 தையல்கூடப் போடுவார்கள். நீங்கள் 5 போடுங்கள், போதும், ஆனால் எல்லாம் ஒரே நீளமாக இருக்கட்டும். தடித்த எம்பிராய்டரி நூலில் 4 தையல் வரும்படி வேண்டுமென்றே பெரிதாகப் போடும் பாணியும் இருக்கிறது, வேகமாக முடியும், பார்க்கவும் அழகு.

விரலில் குத்தி ரத்தப் பொட்டு துணியில் பட்டுவிட்டால் உடனே உங்கள் எச்சிலைத் தொட்டு ஒரு வெள்ளை நூலால் ஒற்றியெடுங்கள். குயில்ட் தைப்பவர்கள் காலங்காலமாகச் செய்கிற வேலை இது. வெந்நீர் மட்டும் படவே கூடாது, கறை நிலைத்துவிடும்.

அவ்வளவு பொறுமையோ நேரமோ இல்லையென்றால் கட்டுப் போட்டுவிடுங்கள். நான்கைந்து அங்குலத்துக்கு ஒரு இடத்தில் தடித்த பருத்தி நூலை மூன்று அடுக்கிலும் குத்தி எடுத்து, இறுக்கமாக இரட்டை முடிச்சு போட்டு, முக்கால் அங்குல வால் விட்டு நறுக்கிவிட வேண்டியதுதான். எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் அவசியம் என்று பேட்டிங் உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள், அதைத் தாண்டினால் துவைக்கும்போது உள்ளே பஞ்சு திரண்டுவிடும்.

கேள்வி: எங்கள் குழுவில் எல்லோருக்கும் மூத்தவர் ஒருவர் இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு பெறுகிறார். நாங்கள் 12 பேர் சேர்ந்து ஒரு குயில்ட் கொடுக்க நினைக்கிறோம். தைக்கத் தெரிந்தது இரண்டு பேருக்குத்தான். மற்றவர்கள் பங்கு இல்லாமல் போய்விடுமே?

மற்றவர்கள் எழுதட்டும், நீங்கள் இருவரும் தையுங்கள். 1840-களில் அமெரிக்காவில் இது பெரிய பழக்கமாகவே இருந்தது. ஊரைவிட்டு மேற்குப் பக்கம் குடிபெயர்ந்து போகிறவர்களுக்கு நட்பும் உறவும் சேர்ந்து, ஆளுக்கொரு கட்டத்தில் பெயரெழுதி, சில சமயம் ஒரு வரி வாழ்த்தும் எழுதி, இணைத்துக் கொடுத்தார்கள். நட்புக் குயில்ட் என்று பெயர். அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கின்றன. இரும்புச் சேர்மம் கலந்த மையில் எழுதிய சில பழைய துணிகளில், எழுத்து இருந்த இடம் மட்டும் அரித்து ஓட்டையாகியிருக்கும். அதனால்தான் பேனா விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்: துணியில் நிலைக்கும் என்று போட்டிருக்கிற, அமிலம் இல்லாத நிறமி மைப் பேனா மட்டும். பந்துமுனைப் பேனா, ஒயிட்போர்டு மார்க்கர் எதுவும் கிட்டே வரக் கூடாது.

அமைப்பு எளிமையாக இருக்கட்டும். எட்டரை அங்குலச் சதுரங்கள், குறுக்கே 5, நெடுக்கே 7, ஆக 35. சதுரங்கப் பலகை மாதிரி அடர்நிறமும் வெளிர்நிறமும் மாறி மாறி, நான்கு மூலையிலும் அடர்நிறம் வரும்படி வைத்தால் அடர்நிறம் 18, வெளிர் 17. தைத்து முடித்தால் 40-க்கு 56 அங்குலம். பன்னிரண்டு வெளிர்க் கட்டங்களில் பன்னிரண்டு பேர் எழுதலாம். மீதி ஐந்தில் ஒன்றில் அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷமும் ஓய்வு பெறும் வருஷமும், இன்னொன்றில் குழுவின் பெயர், வேறொன்றில் யாருக்காவது வரையத் தெரிந்தால் அவர் தினமும் உட்கார்ந்த நாற்காலியோ அவருடைய மூக்குக்கண்ணாடியோ. பழைய ஊழியர்கள் யாராவது கேள்விப்பட்டு நானும் எழுதுகிறேன் என்று வருவார்கள், நிச்சயம் வருவார்கள், அவர்களுக்கும் இடம் வேண்டும்.

எழுதக் கொடுக்கும்போது ஒவ்வொரு சதுரத்திலும் ஓரத்திலிருந்து ஒரு அங்குலம் உள்ளே தள்ளிப் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் யாராவது ஓரம் வரைக்கும் எழுதிவிடுவார்கள், பெயரின் கடைசி எழுத்து தையலுக்குள் போய்விடும். துணிக்கு அடியில் நைஸான உப்புத்தாள் ஒன்றை வைத்தால் துணி நகராது. பேனாவை அழுத்தாமல், நிதானமாக, முதலில் வெட்டுத்துணியில் இரண்டு வரி எழுதிப் பழகிவிட்டு எழுதச் சொல்லுங்கள். ஒரு நாள் காயவிட்டு, மேலே ஒரு துணி போட்டு, நீராவி இல்லாமல் சூடாக இஸ்திரி போடுங்கள். பழகிய அந்த வெட்டுத்துணியைத் துவைத்துப் பார்த்துவிட்டே அடுத்த வேலைக்குப் போகலாம். தப்பாக எழுதிவிடுகிறவர்களுக்காக மூன்று சதுரம் கூடுதலாக வெட்டி வைத்திருங்கள்.

என்ன எழுதுவது? ‘வாழ்க வளமுடன்’ என்று பன்னிரண்டு பேரும் எழுதினால் அவர் ஒரு தடவை படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். ஆளுக்கொரு சம்பவம், ஒரே வரியில். அவர் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம், ஒரு நாள் திட்டியது, யாருக்கோ வண்டியில் இடம் கொடுத்தது. இதைச் சொல்லிவிட்டுத் துணியைக் கொடுங்கள், யோசிக்க இரண்டு நாள் விடுங்கள்.

மூன்று மாதத்தில் முதல் மூன்று வாரத்துக்குள் கையெழுத்துகள் திரும்பி வந்துவிட வேண்டும். மெஷினில் தைக்க அதற்குப் பிறகு இருக்கிற நேரம் போதும்.

கேள்வி: துணியை முதலிலேயே துவைக்க வேண்டுமா? பேட்டிங் எது நல்லது?

பரிசுக்கு என்றால் துவையுங்கள், துவைப்பதானால் எல்லாத் துணியையும் துவையுங்கள். பாதி சுருங்கியது, பாதி சுருங்காதது என்று கலந்து தைக்காதீர்கள். வாங்கிக்கொள்கிறவர் எப்படித் துவைப்பார் என்று நமக்குத் தெரியாது. சிவப்பு, கருநீலம் இரண்டும் சாயம் விடுகிற துணிகளில் முதலிடம். நனைத்த ஒரு துண்டை வெள்ளைத் துணியில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள், வெள்ளையில் நிறம் ஏறினால் மறுபடி துவையுங்கள், அப்படியும் விட்டால் அந்தத் துணியே வேண்டாம்.

தைத்து முடித்த பிறகு துவைக்கும்போது சாயம் ஊறிவிட்டால் பதறிப்போய் வெயிலில் போடாதீர்கள். காயாத வரை காப்பாற்ற வழி உண்டு. பெரிய தொட்டியில் நிறையத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் விட்டு முழுக்க அமுக்கி வைத்து, தண்ணீர் தெளிவாகும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

பேட்டிங்கில் முழுப் பருத்தி தட்டையாக, கனமாக விழும், முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கி அந்தப் பழைய போர்வையின் சுருக்கழகைக் கொடுக்கும். பாலியெஸ்டர் லேசானது, புசுபுசுவென்று இருக்கும், சீக்கிரம் உலரும். கம்பளி அருமையான கதகதப்பு, ஆனால் துவைப்பதில் கவனம் வேண்டும், அதனால் பரிசுக்கு யோசித்தே எடுங்கள். நான் பரிசுக்குத் தேர்ந்தெடுப்பது 80 சதவீதம் பருத்தி, 20 சதவீதம் பாலியெஸ்டர் கலந்தது.

கேள்வி: கூட வேலை செய்யும் தோழிக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. தொட்டிலில் போட்டு மூட ஒரு குட்டிக் குயில்ட், ஓரத்தில் பொத்தான் வைத்து அழகுபடுத்தி...

தையுங்கள், ஆனால் தூங்கும்போது மூட வேண்டாம் என்று அவளிடம் வாய்விட்டே சொல்லிக் கொடுங்கள். முதல் ஒரு வயதுவரை குழந்தை தூங்கும் இடத்தில் போர்வை, குயில்ட், தலையணை, பொம்மை எதுவும் இருக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி தெளிவாகவே சொல்கிறது. மூச்சு முட்டிவிடும் ஆபத்துதான் காரணம். தரையில் விரித்துக் குழந்தையைக் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்ட 40-க்கு 40 அங்குலத்தில் ஒன்று தைத்துக் கொடுத்தால் தினமும் பயன்படும்.

பொத்தான், மணி, ரிப்பன், முடிச்சுப் போட்ட நூல் வால், எதுவும் கூடாது. அடுக்குகளைப் பிடிக்க ஊக்கு குத்தினால், குத்துவதற்கு முன் எண்ணி ஒரு தாளில் எழுதி வையுங்கள், கழற்றிய பிறகு மறுபடி எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் கிடைக்கும்வரை கொடுக்கக் கூடாது.

கேள்வி: சதுரங்களின் மூலைகள் ஒன்றோடொன்று சேரவே மாட்டேன் என்கின்றன.

கால் அங்குலத் தையல் ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் போனால், ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு பக்கமும் சேர்ந்து 2 மில்லிமீட்டர் குறையும். எட்டு சதுர வரிசையில் ஏழு இணைப்பு, ஆக 14 மில்லிமீட்டர், அரை அங்குலத்துக்கும் மேல். மெஷின் தட்டில் ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து ஒரு டேப் ஒட்டி, துணி ஓரத்தை அதோடு உரசினாற்போல் விட்டுத் தையுங்கள். அடுத்தடுத்த வரிசைகளின் தையல் மடிப்பை எதிரெதிர்ப் பக்கமாக இஸ்திரி போட்டு மடக்குங்கள், இணைக்கும்போது இரண்டு மடிப்பும் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும், விரலால் தடவினாலே தெரியும்.

கேள்வி: என் உயிர்த்தோழியின் அம்மா சென்ற மாதம் தவறிவிட்டார். அம்மாவின் துணிகளில் ஒரு குயில்ட் தைத்து அவளுக்குத் தெரியாமல் பரிசளிக்க விரும்புகிறேன். அவள் அண்ணன் துணிகளைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தயவுசெய்து தெரியாமல் செய்யாதீர்கள். உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் வெட்டிய துணி திரும்ப ஒட்டாது, எதை வெட்டலாம் எதைத் தொடக்கூடாது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். நமக்குச் சாயம் போன பழைய துணியாகத் தெரிவது அவளுக்கு அம்மா கடைசியாக உடுத்தியதாக இருக்கலாம். அவளிடமே போய், இப்படி ஒன்று செய்ய நினைக்கிறேன், எப்போது தோன்றுகிறதோ அப்போது துணிகளை எடுத்துக் கொடு என்று சொல்லுங்கள். ஆறு மாதம் ஆகலாம், இரண்டு வருஷமும் ஆகலாம். கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள்.

கொடுத்த பிறகும், துவைப்பதற்கு முன் கேளுங்கள். அம்மாவின் வாசனை இருக்கிற ஒன்றைத் துவைக்காமல் அவள் தனியாக வைத்துக்கொள்ள நினைக்கலாம். மெல்லிய, வழுக்குகிற, இழுபடுகிற துணிகளின் பின்பக்கம் இஸ்திரியில் ஒட்டும் மெல்லிய ஃபியூசிங் துணி ஒட்டிவிட்டு வெட்டுங்கள், சதுரம் கோணாது. பையோ, எம்பிராய்டரியோ, கையால் தைத்த ஒட்டோ இருந்தால் அதை நடுவில் வரும்படி வெட்டுங்கள், அந்த ஒட்டு அம்மா கையால் போட்டதாக இருக்கும். மிஞ்சியதை, நறுக்குத் துணி உட்பட, ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் ஒரு தோழிக்கு ஒன்று கொடுத்தேன். இப்போது ஆளாளுக்கு ‘எனக்கும் ஒண்ணு, துணிக் காசு தந்துடறேன்’ என்கிறார்கள். எப்படி மறுப்பது?

‘நான் விற்பதற்குத் தைப்பதில்லை’ என்று சிரித்துக்கொண்டே, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். காரணம் அடுக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பதில் வைத்திருப்பார்கள். துணிக் காசு இதில் ஒரு சின்னப் பங்கு என்பது தைக்காதவர்களுக்குத் தெரியாது, அது அவர்கள் குற்றமும் இல்லை. உண்மையிலேயே ஆசைப்படுகிறவர்களை மதிய இடைவேளையில் உட்காரவைத்து ஊசியைக் கையில் கொடுங்கள், எட்டு அங்குலத்தில் மேஜைக்கு ஒரு குட்டி விரிப்புத் தைக்கச் சொல்லுங்கள்.

யாருக்குக் கொடுப்பது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. உங்களுக்குச் சம்பள உயர்வு கொடுக்கிற இடத்தில் இருப்பவருக்குத் தனியாகக் கொடுக்காதீர்கள். குழுவாகச் சேர்ந்து கொடுத்தால் சரி. தனிப்பட்ட பரிசு வாங்கிக்கொள்பவருக்கும் சங்கடம், பார்ப்பவர்களும் பேசுவார்கள்.

கேள்வி: இத்தனை பாடுபட்டுத் தைத்த குயில்ட்டில் இப்போது அவர்கள் வீட்டு நாய் படுத்திருக்கிறது. கேட்கலாமா?

கேட்காதீர்கள். நாய் படுக்கிறது என்றால் அது வீட்டின் நடுவில் இருக்கிறது, தினமும் யாரோ அதைத் தொடுகிறார்கள். பட்டுத்தாளில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொல்கிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கொடுக்கும்போதே ஒரு அட்டையில் எழுதிக் கொடுங்கள்: குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, பிளீச் வேண்டாம், பிழியாமல் நிழலில் விரித்து உலர்த்தவும், பிளாஸ்டிக் உறையில் அடைக்க வேண்டாம், மடித்து வைத்தால் அவ்வப்போது மடிப்பை மாற்றவும், ஓரம் பிய்ந்தால் என்னிடம் கொடுங்கள். ஓரப்பட்டிதான் முதலில் தேயும், அதை மட்டும் பிரித்துப் புதிதாகப் போட முடியும்.

கேள்வி: இஸ்திரி போட்டால் மறைகிற பேனாவால் கோடு போட்டுத் தைக்கலாமா?

வெட்டும் கோடுகளுக்கு, தையலுக்குள் போய்விடுகிற இடங்களுக்குப் பயன்படுத்துங்கள். மேலே தெரிகிற இடத்தில் வேண்டாம். சூட்டில் மறைந்த கோடு உறைகுளிரில் திரும்பத் தெரியும், உங்கள் தோழி எந்த ஊருக்குப் போவாள் என்று யாருக்குத் தெரியும். தண்ணீரில் கரைகிற நீலப் பேனா என்றால் நேர்மாறு: கோட்டைக் குளிர்ந்த நீரில் முழுக்கக் கரைத்த பிறகுதான் இஸ்திரி, முந்திவிட்டால் கோடு நிரந்தரம். எனக்குப் பிடித்தது சோப்புத் துண்டு. குளித்துத் தேய்ந்துபோன வெள்ளைச் சோப்பின் கூர்முனையால் அடர்நிறத் துணியில் கோடு போட்டுப் பாருங்கள், அழகாக விழும், முதல் துவைப்பில் போய்விடும்.